எங்கள் தொழிற்சாலை நிர்வாகத்துக்கு: கலவை அறைத் தூசி பற்றி ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

நம் ரப்பர் தொழிற்சாலையில் ரப்பரோடு பவுடர்களைக் கலக்கும் கலவை அறையின் தூசி உறிஞ்சியை இரவு ஷிஃப்டில் நிறுத்தி வைக்க முடிவு செய்திருக்கிறீர்கள். மூக்கையும் வாயையும் இறுக்கமாக மூடி வடிகட்டி வழியாக மூச்சுவிட வைக்கும் அரைமுக ரெஸ்பிரேட்டர் இனி வேண்டாம், மூன்றடுக்கு மருத்துவ மாஸ்க் போதும் என்று அறிவிப்புப் பலகையில் சுற்றறிக்கையும் ஒட்டியிருக்கிறீர்கள். இந்த இரண்டையும் ஏற்க முடியாது என்று சொல்லவே எழுதுகிறேன். பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் சொன்னேன், மின்னஞ்சலிலும் எழுதினேன். கூட்டக் குறிப்பில் நான் பேசியது எல்லாம் "தூசி பற்றிப் பேசப்பட்டது" என்று ஒரே வரியாகிவிட்டது. அதனால்தான் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் பிறை, பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் இதே மாதிரி பவுடர் கொட்டும் வேலை செய்கிறவர்களும் படிக்கட்டும் என்று வெளியில் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. யாருக்கு எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும், அது போதும். இங்கே வாங்கும் சம்பளத்தில்தான் என் பிள்ளைகள் படிக்கிறார்கள். இந்த இடம் நன்றாக நடக்க வேண்டும் என்று நினைப்பவர்களில் நானும் ஒருத்தி.

தரக்கட்டுப்பாட்டு லேப்பில் டெக்னீஷியனாக இருப்பதால், வந்து இறங்கும் மூலப்பொருளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. எந்தச் சாக்கு எப்போது மாறியது, எதற்காக மாறியது என்பதெல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போனது.

மாறியது ஜிங்க் ஆக்சைடு, அதாவது துத்தநாகத்தின் ஆக்சைடு. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி இறுக வைக்கும்போது, அந்த வினையைத் தூண்டிவிட ஜிங்க் ஆக்சைடு வேண்டும். வழக்கமாக 100 கிலோ ரப்பருக்கு 5 கிலோ அளவில் போடுவோம். மிக நுண்ணிய துகள்களான நானோ வகை வாங்கினால் அதில் பாதிக்கும் குறைவாகப் போட்டாலே அதே வேலை நடக்கும் என்று சப்ளையர் சொன்னார். சோதித்துப் பார்த்தோம், சொன்னபடியே நடந்தது. செலவு குறைந்தது, கழிவுநீரில் போகும் துத்தநாகமும் குறையும் என்றீர்கள். இதில் எனக்கு மறுப்பு இல்லை. குறைவாகப் பயன்படுத்துவது நல்லதுதான்.

ஆனால் ஒவ்வொரு லாட்டோடும் வரும் ஆய்வுச் சான்றிதழைப் பாருங்கள். பழைய பவுடர் ஒரு கிராமுக்கு மேற்பரப்பு சுமார் 5 சதுர மீட்டர். புதியது 45 சதுர மீட்டர். அந்த எண்ணிக்கைக்காகத்தான் நீங்கள் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறீர்கள். கூடவே வந்த பாதுகாப்புத் தகவல் தாளோ பழைய பவுடருடையது. பொருளின் பெயர் அதே ஜிங்க் ஆக்சைடு, ரசாயனத்தை அடையாளம் காட்டும் சி.ஏ.எஸ். எண்ணும் அதே எண், அதனால் தாளும் அதுவே போதும் என்று விட்டுவிட்டார்கள். விற்கும்போது வேறு பொருள், எச்சரிக்கும்போது அதே பொருள் என்றால் எப்படி ஒத்துக்கொள்வது?

துகளின் அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நேர்மையான கேள்வி, அன்றைக்குப் பதில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 100 நானோமீட்டருக்குக் கீழே இருப்பவற்றை நானோ துகள் என்கிறோம். துகளின் குறுக்களவைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால், அதே எடையில் துகள்களின் எண்ணிக்கை 1,000 மடங்காகிறது, மேற்பரப்பு 10 மடங்காகிறது. தராசில் வைத்தால் இரண்டும் ஒன்று. உடம்புக்குள் போனால் ஒன்றில்லை. தேநீரில் கற்கண்டைப் போட்டால் கரைய எவ்வளவு நேரம், பொடித்த சீனியைப் போட்டால் எவ்வளவு நேரம்? ஜிங்க் ஆக்சைடு விஷயத்தில் இந்தக் கரைதல்தான் பிரச்சினையின் மையம்.

நுரையீரலின் ஆழத்தில் காற்றுப் பைகள் இருக்கின்றன. அங்கே வந்து விழும் தூசியைத் தின்று சுத்தம் செய்ய மேக்ரோபேஜ் என்ற செல்கள் உண்டு. ஜிங்க் ஆக்சைடு துகளை அந்தச் செல் விழுங்கி, லைசோசோம் என்ற அறைக்குள் தள்ளுகிறது. அந்த அறை அமிலத்தன்மை உள்ளது. சாதாரண நீரில் மெதுவாகக் கரையும் ஜிங்க் ஆக்சைடு அமிலத்தில் வேகமாகக் கரையும். செல்லுக்குள் திடீரென்று துத்தநாக அயனிகள் நிரம்புகின்றன. துத்தநாகம் உடம்புக்குத் தேவையான சத்துதான், ஆனால் செல் அதை மிக நுணுக்கமாக அளந்துதான் வைத்திருக்கிறது. அந்த அளவு உடையும்போது, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா பாதிக்கப்படுகிறது. தீவிர வினை புரியும் ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் பெருகி, கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. என்று கையில் கிடைப்பதையெல்லாம் சேதப்படுத்துகின்றன. செல் சாகிறது. சாகும் முன் அழற்சிக்கான சமிக்ஞைகளை விடுகிறது. அந்தச் சமிக்ஞை இரத்தத்தில் பரவினால் காய்ச்சல்.

காய்ச்சல் என்றதும் கலவை அறையில் பல வருடமாக இருக்கும் ஓர் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதிய பவுடர் வந்த பிறகு அவருக்குத் திங்கட்கிழமை இரவில் காய்ச்சல் வருகிறது. முதலில் வாயில் இனிப்பும் இரும்பும் கலந்த ஒரு ருசி, அப்புறம் தொண்டை வறட்சி, நடுக்கம், உடம்பு வலி. மறுநாள் மதியத்துக்குள் சரியாகிவிடும். புதன், வியாழன் அதே பவுடரைக் கொட்டினாலும் ஒன்றும் ஆவதில்லை. ஞாயிறு ஓய்வெடுத்துவிட்டுத் திங்கள் வந்தால் திரும்பவும் அதே கதை. நிறுவனத்தின் பேனல் கிளினிக்கில் வைரல் காய்ச்சல் என்று எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) கொடுத்தார்கள். மறுபடி போனபோதும் வைரல் காய்ச்சல்தான். என்ன வேலை செய்கிறீர்கள் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

துத்தநாகம் பூசிய கால்வனைஸ் இரும்பைப் பற்றவைக்கிற வெல்டர்களிடம் இந்த அறிகுறிகளைச் சொல்லிப் பாருங்கள், உடனே தலையாட்டுவார்கள். உலோகப் புகைக் காய்ச்சல் என்று நூறு வருடத்துக்கும் மேலாக மருத்துவத்துக்குத் தெரிந்த நோய். சூடான துத்தநாகத்திலிருந்து எழும் புகையில் இருப்பது மிக நுண்ணிய ஜிங்க் ஆக்சைடு துகள்தான். தொடர்ந்து சுவாசிக்கும்போது உடம்பு சில நாள் பழகிக்கொள்கிறது. வார இறுதி ஓய்வில் அந்தப் பழக்கம் போய்விடுகிறது. அதனால்தான் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றே இதற்கு ஒரு பெயர் உண்டு. அண்ணனுக்கு வருவது அதுதான் என்று தீர்ப்புச் சொல்ல நான் டாக்டர் இல்லை. தொழில்சார் நோய்களைப் பார்க்கத் தெரிந்த ஒரு டாக்டர் அவரைப் பரிசோதிக்க வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

அவர் ஒருவர் மட்டும் இல்லை. நேப்பாளத்திலிருந்து வந்திருக்கும் தம்பிகளிடம் கேன்டீனில் விசாரித்தேன். ஒருவர் இருமிக்கொண்டே, "அக்கா, சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடாதீங்க, பெர்மிட் புதுப்பிக்கிற நேரம்" என்றார். உடம்பு சரியில்லை என்று யாரும் எழுதித் தரவில்லையே என்று கூட்டத்தில் சொன்னீர்கள். எழுதித் தந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயப்படுகிறவர் எப்படி எழுதித் தருவார்? அந்தப் பயத்தைப் போக்குவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

இப்போது உங்கள் சுற்றறிக்கைக்கு வருகிறேன். காற்றில் தூசி அளவு சட்ட வரம்புக்குக் கீழே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மலேசியாவின் 2000ஆம் ஆண்டின் உடல்நலத்துக்குக் கேடான ரசாயனங்கள் பற்றிய ஒழுங்குமுறைகளில் ஜிங்க் ஆக்சைடு தூசிக்கு ஒரு கன மீட்டருக்கு 10 மில்லிகிராம், புகைக்கு 5 மில்லிகிராம் என்று இருக்கிறது. நீங்கள் காட்டும் அளவீடு எப்போது எடுத்தது? பழைய பவுடர் காலத்தில், பகல் ஷிஃப்டில், உறிஞ்சி ஓடிக்கொண்டிருந்தபோது. இன்றைக்கு இரவு ஷிஃப்டில் உறிஞ்சி நின்றிருக்கும்போது புதிய பவுடரைக் கொட்டுகிறவர் மூக்கருகே எவ்வளவு தூசி இருக்கிறது என்று யாரும் அளக்கவில்லை. பழைய பவுடர் கொட்டினால் பொத்தென்று விழும். புதியது எழும்பி, குழல் விளக்கு வெளிச்சத்தில் நெடுநேரம் மிதக்கிறது. அறைக்கு வெளியே இருக்கும் குளிரூட்டியின் வலையிலும் வெள்ளையாகப் படிகிறது. மேற்பார்வைக்கு வரும்போது விரலால் தொட்டுப் பாருங்கள்.

சரி, வரம்புக்குக் கீழேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 10 மில்லிகிராம் இந்தப் பவுடருக்காகப் போட்ட எண் இல்லை. 2018இல் ஜெர்மனியில் ஓர் ஆய்வு வெளியானது. ஆரோக்கியமான 16 பேர் தாமாக முன்வந்து நானோ ஜிங்க் ஆக்சைடு கலந்த காற்றை 4 மணி நேரம் சுவாசித்தார்கள். கொடுத்த அளவு கன மீட்டருக்கு 0.5, 1, 2 மில்லிகிராம். அளவு கூடக் கூட இரத்தத்தில் அழற்சிக்கான அடையாளங்களும் கூடின, காய்ச்சல் மாதிரியான அறிகுறிகளும் தெரிந்தன. மறுநாளில்தான் அவை உச்சத்துக்குப் போயின. அவர்கள் 2 மில்லிகிராமைத் தாண்டவே இல்லை. நம்முடைய வரம்பு 10. அவர்கள் சுவாசித்தது 4 மணி நேரம், நம் கலவை அறை ஷிஃப்ட் ஓவர்டைமோடு 12 மணி நேரம். அமெரிக்கத் தொழிற்சுகாதார வல்லுநர் அமைப்பான ஏ.சி.ஜி.ஐ.எச். ஆழ்நுரையீரலை எட்டும் ஜிங்க் ஆக்சைடு தூசிக்கு 2 மில்லிகிராம் என்று 2003லேயே இறக்கிவிட்டது. சட்டத்தின் எண்ணுக்குக் கீழே இருக்கிறோம் என்பது வழக்கு வந்தால் உங்களுக்கு உதவலாம். அண்ணனின் நுரையீரலுக்கு அது பதில் ஆகாது.

உலோக ஆக்சைடுகள் மந்தமானவை, எதனோடும் வினைபுரியாதவை என்றும் சுற்றறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. அப்படிப் பொதுவாக ஒரு வரியில் எழுதிவிட முடியாது. ஸ்வீடனில் 2008இல் பல உலோக ஆக்சைடு நானோ துகள்களை மனித நுரையீரல் செல்களில் போட்டு ஒப்பிட்டார்கள். இரும்பு ஆக்சைடால் பெரிய பாதிப்பு இல்லை. காப்பர் ஆக்சைடு செல்களைக் கொன்றதிலும் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தியதிலும் மற்ற எல்லாவற்றையும் மிஞ்சியது. ஒவ்வோர் ஆக்சைடுக்கும் தனிக் குணம். கரைகிறதா, கரைந்தால் எந்த அயனி வெளியே வருகிறது, கரையாவிட்டால் எவ்வளவு காலம் உள்ளே தங்குகிறது, மேற்பரப்பில் என்ன பூச்சு இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். "உலோக ஆக்சைடு" என்று ஒரே பெட்டியில் போட்டு மூடிவிட்டால் எந்தத் தொழிலாளிக்கு எது ஆபத்து என்று தெரியாமலே போய்விடும்.

குழந்தைக்குப் பூசும் கிரீமிலேயே ஜிங்க் ஆக்சைடு இருக்கிறதே என்று மனிதவளப் பிரிவில் சொன்னார்கள். உண்மைதான். என் பிள்ளைகளுக்கும் பூசியிருக்கிறேன். காயமில்லாத தோலின் மேலடுக்கு நல்ல காவல், துகள்கள் அதைத் தாண்டி உள்ளே போவது மிகக் குறைவு. கிரீமில் அவை எண்ணெயில் ஒட்டிக் கிடக்கின்றன, காற்றில் பறப்பதில்லை. நுரையீரலின் காற்றுப் பைச் சுவர் தோலைப் போன்றதில்லை. ஆக்ஸிஜன் கடந்து போக வேண்டும் என்பதற்காக ஒரு மைக்ரோமீட்டருக்கும் மெல்லியதாக இருக்கிறது. பூசுவதையும் மூச்சில் இழுப்பதையும் ஒன்றாக வைத்துப் பேசக் கூடாது.

வெள்ளை நிறக் கலவைக்குப் போடும் டைட்டானியம் டை ஆக்சைடு இன்னொரு கதை. இது கரையாது. உள்ளே போனால் தங்கும். அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் குந்தர் ஓபர்டார்ஸ்டர் குழுவினர் 1990களின் தொடக்கத்தில் எலிகளை 12 வாரம் இந்தத் தூசியைச் சுவாசிக்க வைத்தார்கள். ஒரு கூட்டத்துக்கு 20 நானோமீட்டர் துகள், இன்னொரு கூட்டத்துக்கு 250 நானோமீட்டர் துகள். பொருள் ஒன்று, காற்றில் எடையும் ஏறக்குறைய ஒன்று. சிறிய துகளைச் சுவாசித்த எலிகளின் நுரையீரலில் அழற்சி அதிகம், துகள்கள் வெளியேறவும் அதிக காலம் பிடித்தது. எடையைவிட மேற்பரப்புதான் விளைவைத் தீர்மானிக்கிறது என்று அந்த ஆய்வுகள் காட்டின. பின்னர் வந்த இரண்டு வருட ஆய்வில், 10 மில்லிகிராம் அளவில் மிக நுண்ணிய டைட்டானியம் டை ஆக்சைடைச் சுவாசித்த எலிகளுக்கு நுரையீரல் கட்டிகள் வந்தன. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2006இல் இதை "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியமுள்ளது" என்ற 2பி பிரிவில் வைத்தது. மனிதர்களிடம் கிடைத்த சான்று போதாது என்பதையும் அவர்களே சொன்னார்கள். எலி நுரையீரல் இப்படித் தேங்கும் தூசிக்கு மனித நுரையீரலைவிடக் கூடுதலாக எதிர்வினை காட்டும் என்பதும் தெரிந்ததே. யாரையும் பயமுறுத்த நான் எழுதவில்லை, அதனால் இதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் இதையெல்லாம் எடைபோட்ட பிறகுதான் அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 2011இல் ஒரு முடிவுக்கு வந்தது. சாதாரண டைட்டானியம் டை ஆக்சைடுக்கு 2.4 மில்லிகிராம், மிக நுண்ணியதற்கு 0.3 மில்லிகிராம். ஒரே பொருளுக்கு, அளவை மட்டும் பார்த்து, எட்டு மடங்கு கடுமையான பரிந்துரை. நம் ஒழுங்குமுறைகளின் அட்டவணையில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே எண், அதே 10.

மிட்டாயிலும் டைட்டானியம் டை ஆக்சைடு இருக்கிறது என்ற பேச்சும் வந்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் அதை இனி பாதுகாப்பானது என்று கருத முடியாது என்றது, 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் உணவில் அதைத் தடை செய்தது. இதை இத்தோடு விடுகிறேன்.

ஜப்பானில் நடந்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம்மைப் போன்ற தொழிற்சாலையில் நடந்தது. தட்டைத் திரைகளுக்குப் பயன்படும் இண்டியம் டின் ஆக்சைடும் ஓர் உலோக ஆக்சைடுதான். அந்தப் பொருளின் கட்டிகளை அரைத்து வழுவழுப்பாக்கும் வேலையில் மூன்று வருடம் இருந்த இளைஞர் ஒருவர் நுரையீரல் நோயில் 2001இல் இறந்தார். அவர் செய்தது தண்ணீர் விட்டு அரைக்கும் வேலை, வறண்ட தூசி பறக்கும் வேலைகூட இல்லை. அதுவரை அந்தப் பொருளை மனிதரின் நுரையீரல் நோயோடு யாரும் சேர்த்துப் பேசவில்லை. அவருடைய நுரையீரலில் அந்தத் துகள்களைக் கண்ட பிறகுதான் மற்றத் தொழிலாளர்களைத் தேடிப் பரிசோதித்தார்கள், மேலும் பலரிடம் பாதிப்பு இருந்தது. அமெரிக்காவிலும் நோயாளிகள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். 2010இல் ஜப்பான் அரசு அந்தத் தூசிக்கு வைத்த இலக்கு கன மீட்டருக்கு 0.01 மில்லிகிராம். அந்த எண் ஓர் இளைஞரின் சாவுக்குப் பிறகு வந்தது. நம் ஜிங்க் ஆக்சைடு அதே மாதிரிப் பொருள் என்று நான் சொல்ல வரவில்லை. சட்டத்தில் எண் இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று நினைக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

மாஸ்க் பற்றி. நானோ துகள் அவ்வளவு சிறியது, எந்த மாஸ்க்கும் தடுக்காது, அதனால் எதைப் போட்டாலும் ஒன்றுதான் என்று ஒரு சூப்பர்வைசர் சொல்லிக்கொண்டிருக்கிறார். இது தவறு. நல்ல வடிகட்டித் துணிக்குப் பிடிக்கச் சிரமமான அளவு, துணியின் வகையைப் பொறுத்து, சுமார் 50 முதல் 300 நானோமீட்டர் வரையான பகுதி; அதிலும் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். அதைவிடச் சிறியவை காற்றில் தாறுமாறாக அலைவதால் இழைகளில் மோதி ஒட்டிக்கொள்ளும். ஆகவே சரியான ரெஸ்பிரேட்டர் வேலை செய்யும். மருத்துவ மாஸ்க்கின் குறை அதன் ஓரத்தில்: கன்னத்தோடு ஒட்டாமல் இடைவெளி விடுகிறது, மூச்சு இழுக்கும்போது காற்று அந்த வழியாகத்தான் போகும். இருமல் தெறிப்பைத் தடுக்கச் செய்த பொருளை பவுடர் கொட்டுகிறவருக்குக் கொடுப்பது, ஒன்றும் கொடுக்காமல் இருப்பதைவிட மோசம். பாதுகாப்பாக இருக்கிறோம் என்று அவரை நம்ப வைத்துவிடுகிறது.

ஷிஃப்ட் முடியும்போது காற்றுக் குழாயை எடுத்து உடுப்பில் இருக்கும் தூசியை ஊதி விடுகிறார்கள். யாரும் தடுப்பதில்லை. கீழே படிந்தது எல்லாம் திரும்ப மூச்சு மட்டத்துக்கு எழும்புகிறது. மிச்சம் உடுப்போடு வீட்டுக்குப் போகிறது, பிள்ளைகளின் பள்ளிச் சட்டையோடு ஒரே வாஷிங் மெஷினில் சுற்றுகிறது. கலவை அறைத் தோழி ஒருத்தியின் மாமியார், "கருப்புப் பேண்ட் எல்லாம் ஏன்டி இப்படி மாவு பூத்துக் கிடக்கு?" என்று கேட்டாராம்.

கலவை அறைத் தரையை ஹோஸ் அடித்துக் கழுவும் தண்ணீர் பின்பக்கச் சாக்கடைக்குப் போகிறது என்பதையும் எழுதிவிடுகிறேன். சுத்திகரிப்புத் தொட்டிக்குப் போக வேண்டிய தண்ணீர் அது. 2007இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நன்னீர்ப் பாசியின் வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்கும் துத்தநாக அளவைப் பார்த்தார்கள். லிட்டருக்குச் சுமார் 0.06 மில்லிகிராம் போதுமாக இருந்தது. நானோ துகளோ பெரிய துகளோ, கரைந்து வரும் துத்தநாகம்தான் பாசியைத் தாக்கியது. பாசி செத்தால் அதைத் தின்னும் நீர்ப்பூச்சி, அதைத் தின்னும் மீன்குஞ்சு என்று மேலே மேலே போகும். பிறை தொழிற்பேட்டையின் கழிவால் 1970களில் கோலா ஜூரு மீனவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பது இந்த வட்டாரத்தில் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஜூரு ஆற்று முகத்தில் கிராங் என்ற சிப்பியை வளர்த்துப் பிழைத்த குடும்பங்கள் உண்டு. சேற்றில் இருந்துகொண்டு தண்ணீரை வடிகட்டித் தின்னும் உயிர் அது, தண்ணீரில் வருவதைத் தவிர்க்க அதனால் முடியாது.

சட்டம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் மேலே சொன்ன அதே 2000ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், வேலை முறையில் குறிப்பிடத்தக்க மாற்றம் வந்தால் ரசாயன ஆபத்து மதிப்பீட்டை மறுபடி செய்ய வேண்டும் என்கின்றன. நானோ பவுடருக்கு மாறியது அப்படிப்பட்ட மாற்றம். உறிஞ்சி போன்ற கருவிகளை மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும், வருடம் ஒரு முறையாவது தகுதி பெற்றவரை வைத்துச் சோதிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. இரவில் நிறுத்தி வைக்கும் உறிஞ்சியைச் சோதித்து என்ன பயன்? 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் வந்த திருத்தங்கள் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கின்றன. முதலாளியின் கடமையை மீறினால் அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை. பாதுகாப்பு பற்றிப் புகார் செய்தவரை வேலையிலிருந்து நீக்கவோ தொந்தரவு செய்யவோ கூடாது என்பதும் அதே சட்டத்தில் உண்டு. உங்களை மிரட்ட இதை எழுதவில்லை. இந்த மடலுக்குப் பிறகு கலவை அறையில் யாரையாவது வேறு ஷிஃப்டுக்கு மாற்றி அலைக்கழித்தால், அதை நாங்கள் எப்படிப் பார்ப்போம் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

இனி கேட்கவேண்டியவை.

தூசி உறிஞ்சியை இன்றிரவிலிருந்தே எல்லா ஷிஃப்டிலும் ஓட விடுங்கள். மின்கட்டணம் உங்கள் கவலை என்றால், கொட்டும் இடத்தை மூடி அமைத்து, உறிஞ்சும் வாயைச் சாக்குக்கு அருகில் கொண்டு வாருங்கள். குறைந்த காற்றோட்டத்திலேயே வேலை நடக்கும். அரைமுக ரெஸ்பிரேட்டரையும் தகுந்த வடிகட்டிகளையும் திரும்பக் கொடுங்கள், ஒவ்வொருவர் முகத்துக்கும் பொருந்துகிறதா என்று சோதித்துக் கொடுங்கள். காற்றுக் குழாயால் உடுப்பை ஊதுவதையும் வறண்ட துடைப்பத்தால் கூட்டுவதையும் நிறுத்தி, மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியுள்ள வாக்குவம் வாங்குங்கள். உடுப்பைத் தொழிற்சாலையிலேயே துவைக்க ஏற்பாடு செய்யுங்கள்.

ஆபத்து மதிப்பீட்டைப் புதிதாகச் செய்யுங்கள். அரசின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான டோஷில் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் வரட்டும், இரவு ஷிஃப்டில் வரட்டும், தொழிலாளியின் சட்டைக் காலரில் மாதிரிக் கருவியை மாட்டி, ஆழ்நுரையீரலை எட்டும் தூசியைத் தனியாக அளக்கட்டும், முடிந்தால் துகள்களின் எண்ணிக்கையையும் எடுக்கட்டும். ஒப்பிடும்போது 10 என்ற எண்ணோடு நிறுத்தாமல், ஜிங்க் ஆக்சைடுக்கு 2, நுண்ணிய டைட்டானியம் டை ஆக்சைடுக்கு 0.3 என்பதோடும் ஒப்பிடுங்கள். முடிவை மறைக்காமல் பலகையில் ஒட்டுங்கள். சப்ளையரிடம் இந்தப் பவுடருக்கே உரிய பாதுகாப்புத் தகவல் தாளைக் கேளுங்கள், துகள் அளவும் மேற்பரப்பும் அதில் இருக்க வேண்டும். மலாயும் ஆங்கிலமும் சட்டப்படி வரும். தமிழ், நேப்பாளி, வங்காள மொழிகளில் உட்கார வைத்து விளக்கிச் சொல்வதற்கு என்னால் முடிந்ததைச் செய்கிறேன்.

கலவை அறையில் வேலை செய்யும் எல்லாரையும், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து, தொழில்சார் சுகாதார டாக்டரிடம் அனுப்புங்கள். நுரையீரல் செயல்திறன் சோதனை இப்போது ஒரு தடவை, பிறகு ஒழுங்காக. திங்கட்கிழமைக் காய்ச்சலைப் பதிவேட்டில் எழுதுங்கள். டாக்டர் அதைத் தொழில்சார் நோய் என்று சொன்னால், முறைப்படி டோஷுக்கும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்கும் தெரிவியுங்கள். உடம்பு சரியில்லை என்று சொல்கிற அந்நியத் தொழிலாளியின் பெர்மிட் அந்தக் காரணத்துக்காக நிறுத்தப்படாது என்று எழுத்தில் கொடுங்கள்.

தரை கழுவும் தண்ணீரைச் சுத்திகரிப்புத் தொட்டிக்குத் திருப்புங்கள், வெளியே போகும் நீரில் துத்தநாகத்தை அளந்து காட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு யோசனை, இதற்கு லேப்பிலிருந்து முழு உதவியும் தருகிறேன். பவுடராகவே ஏன் வாங்க வேண்டும்? ஜிங்க் ஆக்சைடை ரப்பரிலேயே கலந்து மணிமணியாகச் செய்து விற்கிறார்கள். சாக்கைப் பிரித்தால் தூசி எழும்பாது, எடைபோடுவதும் சுலபம். விலை கூடுதல்தான். நானோ வகையால் மிச்சமான பணத்தில் அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதியாவது அடங்கும். சாம்பிள் வரவழையுங்கள், இறுகும் நேரம், இழுவிசை எல்லாம் நான் சோதித்து அறிக்கை தருகிறேன்.

உறிஞ்சியும் மாஸ்க்கும் உடனே வேண்டும், அவற்றுக்குக் கூட்டம் தேவையில்லை. மற்றவற்றுக்கு எது எப்போது நடக்கும் என்று 30 நாளுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள், அந்தப் பதிலை அடுத்த பாதுகாப்புக் குழுக் கூட்டக் குறிப்பில் முழுமையாகச் சேருங்கள். வராவிட்டால், ஆய்வுச் சான்றிதழ்களின் நகலோடும் எம்.சி. விவரங்களோடும், சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு, டோஷின் பினாங்கு அலுவலகத்தில் நாங்களே புகார் கொடுப்போம்.

இப்படிக்கு,
தரக்கட்டுப்பாட்டு லேப் டெக்னீஷியன், பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர் தரப்பு உறுப்பினர்
பிறை, பினாங்கு